கச்சான் காற்றின் வெப்பம் எங்கிருந்து வருகிறது

வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் திருக்குளிர்த்தி நடைபெறும் நாட்களை ஒட்டி மட்டக்களப்பில் கச்சான் வீசத் தொடங்கிவிடும். அதன் பிறகு உதடு வெடிக்கும். தோய்த்து விரித்த சாரம் சற்று நேரத்தில் மொரமொரவென்று காயும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் மேட்டு நிலங்களில் புல் கருகும். காய்ந்த காட்டையும் தரையையும் தடவி வருவதால்தான் இந்தக் காற்று சுடுகிறது என்று ஊரில் பலர் சொல்வார்கள். தரைக்கும் அதில் பங்குண்டு. ஆனால் நம் ஊரில் பெய்யாத மழைக்கும் அதில் முக்கியமான பங்கு உண்டு என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

கச்சான் என்பது தென்மேல் பருவக்காற்றேதான். இலங்கையின் மேற்குக் கரையில் அது நிறைய நீராவியைச் சுமந்துகொண்டு நுழைகிறது. அங்கே வெப்பநிலை 28 பாகை செல்சியஸ் என்றும் சாரீரப்பதன், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று ஏற்கக்கூடிய ஆவியில் உண்மையில் இருக்கும் பங்கு, 80 சதவீதம் என்றும் கொள்வோம். மத்திய மலைநாட்டின் சரிவில் ஏறும் காற்று விரிவடைவதால், ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பாகை குளிர்கிறது. சுமார் 500 மீற்றர் உயரத்தில் அது ஆவியால் முழுமையாக நிரம்பும் பனிபடுநிலையை அடைய, நீராவி ஒடுங்கி முகிலாகிறது. அந்த இடத்திலிருந்து கணக்கு மாறுகிறது. ஒரு கிலோகிராம் நீராவி ஒடுங்கும்போது ஏறக்குறைய 2500 கிலோயூல் மறைவெப்பம் வெளிப்பட்டு அதே காற்றைச் சூடாக்குவதால், மேலும் ஏறும் காற்று 100 மீற்றருக்கு அரைப் பாகை அளவில்தான் குளிர்கிறது. 2000 மீற்றரில் அதன் வெப்பநிலை 15 அல்லது 16 பாகையாக இருக்கும். ஒடுங்கிய நீர் இதற்குள் மேற்குச் சரிவில் மழையாக விழுந்துவிடுகிறது. கிழக்கே இறங்கும் காற்றில் ஆவியாவதற்கு முகில் மிஞ்சாததால், அது அமுக்கப்பட்டு 100 மீற்றருக்கு 1 பாகை வீதம் சூடேறி, நம் சமவெளியை ஏறத்தாழ 35 பாகையில் வந்தடைகிறது. முகில் மழையாக விழாமல் காற்றோடு கூடவே இறங்கியிருந்தால், மீண்டும் ஆவியாகும்போது பெற்ற வெப்பம் முழுவதையும் திருப்பி எடுத்திருக்கும்; காற்றும் பழைய 28 பாகைக்கே திரும்பியிருக்கும்.

இது எளிமைப்படுத்திய கணக்குத்தான். எல்லாக் காற்றும் மலையேறுவதில்லை. கீழ்க்காற்றின் ஒரு பகுதி தடைப்பட்டு நிற்க, உயரத்தில் ஏற்கெனவே உலர்ந்திருந்த காற்று இறங்கி வருவதும் உண்டு. இருந்தாலும் அல்ப்ஸ் மலையின் போன் காற்றையும் ரொக்கி மலையின் சினூக்கையும் படிக்கும் நம் மாணவர்களுக்கு, அதே வகைக் காற்று தங்கள் முற்றத்தில் வீசுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கச்சானை ஈரமற்ற காற்று என்று சொல்வதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 35 பாகையில் சாரீரப்பதன் 40 சதவீதமாக இருந்தாலும், ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 16 கிராம் நீராவி இருக்கும். நுவரெலியாவில் 15 பாகையில் மூடுபனி கவிந்திருக்கையில், முழுமையாக நிரம்பிய அந்தக் காற்றில் இருக்கும் ஆவியோ சுமார் 13 கிராம்தான். நம் தோலையும் வாவியையும் உலர்த்துவது காற்றில் ஆவி குறைவாக இருப்பது அன்று, இன்னும் எவ்வளவு ஆவியை ஏற்க அதில் இடம் இருக்கிறது என்பதுதான். 35 பாகையில் அந்த இடம் ஏறத்தாழ 24 கிராம். மண்பானைத் தண்ணீர் கச்சான் நாட்களில் நன்றாகக் குளிர்வதும் இதனால்தான். பானையின் புறத்தில் கசியும் நீர் விரைந்து ஆவியாகி, தனக்கு வேண்டிய மறைவெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

பிற்பகலில் கச்சான் தளர்ந்தால் வங்காள விரிகுடாவிலிருந்து கடற்காற்று, வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரைக்குள் நுழையும். வெப்பநிலை 31 பாகைக்கு இறங்கினாலும், சாரீரப்பதன் 75 சதவீதத்தை எட்டினால் கன மீற்றருக்கு 24 கிராம் ஆவி சேர்ந்துவிடுகிறது. மேலும் ஏற்க இருக்கும் இடம் வெறும் 8 கிராம். வியர்வை உடலிலேயே தங்குவதால், வெக்கை தணிந்த பின்னும் எழுவான்கரையிலுள்ள கல்லடியில் புழுக்கம் நீடிக்கிறது. கடற்காற்று எட்டாத படுவான்கரையின் உட்பகுதிகளில் அதே வேளையில் வெக்கை தணிந்திருக்காது, ஆனால் வியர்வை உடனே காய்ந்துவிடும்.