அது கோடா, கோடு மாதிரியா?

ஊருக்குப் போன் போடும்போதெல்லாம் அம்மா தவறாமல் கேட்பார்: "இன்னும் அந்த யூரின் டப்பாவத்தான் தூக்கிட்டு அலையிறியா?" ஆமாம், அதைத்தான். தான்சானியாவில் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் ம்வான்சாவில் லேப் டெக்னீஷியனாக எனக்கு இது மூன்றாவது வருடம். கரையோரப் பள்ளிகளுக்குப் போய், பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்து, கிச்சோச்சோ என்று இங்கே சொல்லும் புழு நோய் இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று.

கிச்சோச்சோ நம் ஊர் வயிற்றுப் பூச்சி இல்லை. சாத்தூரில் நான் படித்தபோது பூச்சி மாத்திரை கொடுத்தார்களே, அது குடலில் கிடக்கிற புழுக்களுக்கு. இதைத் தரும் புழுவின் பெயர் சிஸ்டோசோமா. ரத்தக் குழாய்க்குள் குடியிருக்கும். ஏரி நத்தைக்குள் வளர்ந்து வெளியே நீந்தி வரும் இதன் குஞ்சு, தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையைக் கழுவு, காய்ச்சிக் குடி என்கிற பாடமெல்லாம் இங்கே எடுபடாது. தண்ணீர் மொள்ள, துவைக்க, குளிக்க, வலை அலச என்று எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் இறங்குவது அந்த ஏரியில்தான். புழு போடும் முட்டைகள் குடலிலும் ஈரலிலும் சிக்கிக்கொள்ளும். வயிற்று வலி, ரத்தசோகை, முற்றினால் ஈரல் வீக்கம்.

படிக்கிற காலத்தில் எனக்கு இது இரண்டு மார்க் கேள்வி. முட்டையின் பக்கவாட்டில் முள் இருந்தால் மான்சோனி ரகப் புழு, நுனியில் இருந்தால் ஹிமட்டோபியம் ரகம். நிஜ முட்டையை இங்கே வந்துதான் பார்த்தேன்.

பழைய முறை மோஷன் டெஸ்ட். சல்லடையில் தேய்த்து, அச்சுத் துளையில் 41.7 மில்லிகிராம் நிரப்பி, கிளிசரினில் ஊறிய செல்லோபேனால் மூடி, மைக்ரோஸ்கோப்பில் முட்டைகளை எண்ணி, ஒரு கிராமுக்கு எத்தனை என்று அறிய 24-ஆல் பெருக்க வேண்டும். எண்ணுவதுகூடப் பரவாயில்லை. காலை ஒன்பது மணிக்குப் பத்து வயதுப் பையனிடம் டப்பாவை நீட்டி "மோஷன் கொடு" என்றால் அவன் எங்கே போவான்? ஒரு நாள் ஒரே பெஞ்சிலிருந்து நான்கு டப்பாக்கள் வந்தன. நான்கிலும் ஒரே நிறம், ஒரே மாதிரி மக்காச்சோளத் துணுக்கு. ஒரு புண்ணியவான் நண்பர்களுக்கும் பங்கு கொடுத்திருக்கிறான். எனக்குக் கோபமே வரவில்லை.

சிறுநீர் என்றால் ஐந்து நிமிடத்தில் வரிசை கட்டி வந்துவிடுவார்கள். கேசட்டில், அதாவது கோடு காட்டும் சின்ன பிளாஸ்டிக் சோதனைப் பட்டையில், இரண்டு சொட்டு விட்டு 20 நிமிடம் காத்திருந்தால் போதும். இரண்டு கோடு வந்தால் புழு இருக்கிறது. இந்தப் புழுவுக்கு வாய் உண்டு, ஆசனவாய் கிடையாது. குடித்த ரத்தத்தின் மிச்சத்தை வாய் வழியாகவே கக்கும். அதோடு அதன் குடல் பூச்சிலிருந்து ஒரு பொருள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வெளியேறும். கேசட் பிடிப்பது அந்தப் பொருளை. சுருக்கமாக, புழுவின் வாந்தியைத்தான் தேடுகிறோம். (அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.) முட்டை ஒன்றிரண்டு மட்டும் விழுகிற லேசான தொற்றை மைக்ரோஸ்கோப் தவறவிடும், இது பல நேரம் பிடித்துவிடும்.

ஆனால் எல்லாப் புழுவையும் பிடிக்காது. உள்நாட்டில் ஷின்யாங்கா பக்கம் பாட்டி வீட்டில் வளர்ந்து வந்த ஒரு பையனின் சிறுநீர் தேநீர் நிறத்தில் இருந்தது. கேசட்டில் ஒரே கோடு, அதாவது இல்லை. டிப்ஸ்டிக் என்னும் சோதனைக் குச்சியை முக்கியதும் ரத்தம் என்று காட்டியது. அங்கே குட்டைகளிலும் வயல்களிலும் இருப்பது ஹிமட்டோபியம், சிறுநீர்ப்பையைத் தாக்கும் ரகம். கேசட் இதில் சொதப்பும். வடிகட்டிப் பார்த்தபோது நுனியில் முள்.

பெரிய வகுப்புப் பெண்கள் ஒரு முறை டப்பாவைத் தொடவே மறுத்துவிட்டார்கள். காரணம் எனக்கு உறைக்கச் சற்று நேரமானது. சிறுநீர், கேசட், இரண்டு கோடு. இந்த நாட்டில் கருவுற்ற மாணவிகளைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவது வழக்கமாக இருந்தது; பிள்ளை பெற்ற பிறகும் பள்ளிக்குத் திரும்பக் கூடாது என்ற தடை 2021 நவம்பரில்தான் நீங்கியது. பயம் இருக்காதா? எங்கள் சீனியர் டெக்னீஷியன் ஒன்றும் பேசாமல் கழிப்பறைக்குப் போய்த் தன் சிறுநீரையே கொண்டுவந்து இரண்டு சொட்டு விட்டார். மனிதர் ஞாயிறானால் ஏரியில் மீன் பிடிப்பவர். பளிச்சென்று இரண்டு கோடு. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் டப்பாக்கள் வந்தன, அவரும் மாத்திரை போட்டுக்கொண்டார்.

அவரோடு எனக்குத் தீராத சண்டை மங்கல் கோட்டில்தான். "தாதா, அது கோடு இல்லை" என்பார். (இங்கே அக்காவுக்குத் தாதா, அண்ணனுக்குக் காக்கா. முதல் வாரம் என்னை ரவுடி என்கிறார்கள் என்றே நினைத்தேன்.) ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால் ரோஜா நிறத்தில் நிழல் மாதிரி ஏதோ தெரியும். 20 நிமிடம் தாண்டினால் இல்லாத கோடும் முளைக்கும். ஒரு முறை நான் பெயர் எழுதிக்கொண்டே நேரத்தைக் கோட்டைவிட்டு, ஒரு தட்டு கேசட்டை மொத்தமாகத் தூக்கிப்போட்டேன். இப்போது இருவரும் தனித்தனியாகப் பார்த்து எழுதுகிறோம்.

கோட்டுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்றால், மாத்திரை கணக்கே அதில் நிற்கிறது. நூற்றுக்குப் பத்துப் பேருக்காவது இருந்தால் வருடாவருடம் ஊருக்கே பிராசிகுவான்டல் (இந்தப் புழுவுக்கான மாத்திரை) கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல். மேட்டுப்பக்கப் பள்ளிகளில் மங்கலைச் சேர்த்தால் பத்தைத் தாண்டும், விட்டால் தாண்டாது. நான் சேர்க்கச் சொல்கிற கட்சி.

போன வாரம் வரிசையில் நின்ற ஒரு சிறுமி முதுகில் தம்பிப் பாப்பாவைத் துணியால் கட்டியிருந்தாள். அவனும் தினமும் அக்காவோடு ஏரியில் இறங்குகிறவன்தான், ஆனால் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கென்றே கரையும் மாத்திரைக்கு 2023 டிசம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை பச்சைக்கொடி காட்டியது. எங்கள் பெட்டியில் இருப்பதோ விரல் நுனி அளவு கசப்பு மாத்திரைதான்.

அவள் டப்பாவை நீட்டிய நேரம் பார்த்து அவன் முதுகிலேயே போய்விட்டான். துணி சொட்டச் சொட்ட நனைந்தது. சீனியர் சொன்னார்: "சாம்பிள் வந்துவிட்டது, தாதா." துணியைப் பிழிந்து இரண்டு சொட்டு எடுத்தால் என்ன என்று நானும் ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன்.