அப்பாவின் ஷிப்ட்தான் எங்கள் கால அட்டவணை

மகனை வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று பேச்சு எழுந்ததும் நாங்கள் முதலில் பார்த்தது சட்டத்தைத்தான். மலேசியாவில் 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விலக்கு வேண்டுமென்றால் கல்வி அமைச்சிடம் கேட்டு வாங்க வேண்டும். மகனுக்குக் கடுமையான ஆஸ்துமா. மருத்துவமனைக் கடிதங்கள், பிறப்புப் பத்திரம், என்ன பாடம், யார் சொல்லித் தருவது என்ற திட்டம், எல்லாவற்றையும் ஒரு கோப்பாகச் சேர்த்து விண்ணப்பித்தோம். பதில் வரும்வரை அவன் பெயர் தமிழ்ப்பள்ளியில்தான் இருந்தது. யார் கேட்டாலும் இதை அழுத்திச் சொல்வேன்: அனுமதி கைக்கு வருமுன் பள்ளியை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. என் கணவருக்கு பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. சில சமயம் பகல், சில சமயம் இரவு. பள்ளிக்குப் போன காலத்தில் அப்பா விழித்திருக்கும்போது பிள்ளை வீட்டில் இல்லை, பிள்ளை வரும்போது அப்பா தூக்கம். வீட்டுக் கல்வியிலும் திங்கள் முதல் வெள்ளி வரை என்று வைத்தால் அதே கதைதான். அதனால் எங்கள் வாரத்தை ஆறு நாளாக்கிவிட்டோம். அவர் வேலைக்குப் போகும் நாட்களில் பாடநூல், ஓய்வு நாட்களில் வெளியே.

எங்களுடையது சின்ன ஃபிளாட். இரவு ஷிப்ட் முடிந்து அவர் தூங்கும் காலை வேளையில் சத்தம் போட்டு வாசிக்க முடியாது. அந்த நேரம் கணக்கு, எழுத்து வேலை. அவர் எழுந்து தேத்தண்ணி குடிக்கும்போது மகன் தமிழையும் மலாயையும் வாய்விட்டு வாசித்துக் காட்டுவான். கேஎஸ்எஸ்ஆர் என்கிற அரசு ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டத்தின் பாடநூல்களைத்தான் வைத்திருக்கிறோம், ஆனால் அத்தியாய வரிசையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில்லை.

மாமியார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். இருட்டிலேயே பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போய் நின்ற கதையைச் சொன்னபோது, "ஏன் பாட்டி விடியுமுன்னே வெட்டணும்?" என்று கேட்டான். "வெயில் ஏறினா பால் நின்னுடும்டா" என்றார். அங்கிருந்து தொடங்கியது அறிவியல். காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் கூடுதல், அதனால் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய் அழுத்தம் குறையும். பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம், உறையாமல் இருக்க அம்மோனியா. மரத்திலும் கோப்பையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலின் வாடை எப்படி இருக்கும் என்று பாட்டி முகத்தைச் சுளித்துக் காட்டியதையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறான். அந்தத் தோட்ட வாழ்க்கையை அவனுக்கு வேறு யார் இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடியும்?

ஓய்வு நாளில் வெளியே கிளம்புமுன் காற்று மாசுக் குறியீட்டை அவனே பார்த்துக் குறித்துக்கொள்வான். 100-ஐத் தாண்டினால் வீட்டிலேயே இருப்போம். நல்ல காற்று இருந்தால் பெரும்பாலும் தண்ணீர்மலை. முருகன் கோயிலுக்கு 513 படிகள். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இன்ஹேலரோடு மெதுவாக ஏறுவோம். இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது, ஆகவே ஒன்பதால் வகுபடும் என்று அவனே கண்டுபிடித்தான். 57 படிக்கு ஒருமுறை உட்கார்ந்தால் ஒன்பது கட்டத்தில் மேலே. மூச்சுக்கும் அது வசதியாகிவிட்டது. இறங்கினால் பக்கத்திலேயே 1884இல் உருவான தாவரவியல் பூங்கா. அங்கிருக்கும் நாகலிங்க மரம் சிவன் கோயில்களில் இருந்தாலும் பூர்வீகம் தென் அமெரிக்கா என்றதும், எப்படி வந்தது என்று வரைபடத்தைத் தேடினான்.

"பிள்ளை யாரோடு பழகுவான்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மாலையில் ஃபிளாட் பிள்ளைகளோடு விளையாட்டு, ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு. அது போதுமா என்று நானும் அவ்வப்போது யோசிக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அதைவிட எனக்குக் கவலை தேர்வுதான். ஐஜிசிஎஸ்இ என்ற பிரிட்டிஷ் பாடத்திட்ட இடைநிலைத் தேர்வைப் பள்ளியில் சேராமல் தனித் தேர்வராக எழுதலாம், ஆனால் கட்டணம் எங்களுக்குப் பெரிய சுமை. இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்பிஎம் என்றால் மலாயும் வரலாறும் தேறாமல் சான்றிதழ் கிடைக்காது. எஸ்பிஎம் வழியை மூடிவிடக் கூடாது என்பதில் நானும் கணவரும் ஒரே முடிவில் இருக்கிறோம். அதனால் எந்த ஷிப்டாக இருந்தாலும் மலாய் மட்டும் விடுபடாது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) அவனோடு மலாயில் மட்டுமே பேசுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். வரலாற்றை அடுத்த ஆண்டிலிருந்து கணவர் எடுத்துக்கொள்கிறார், இரவு ஷிப்ட் இல்லாத நாட்களில்.