கதவு கடைசியில்தான் தெரியவேண்டும்

மறைவாக இருக்கும் மதுச்சாலை வாசலைப் படமெடுத்து வாட்டர்கலரில் வரையும்போது, பலரும் கதவை நடுவில் வைத்துப் பளிச்சென்று காட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, கள்ளத்தனமாக நடந்த மதுச்சாலைகள் வாசலை மறைத்தது தெருவில் போகிறவர் கண்ணில் படாமலிருக்கத்தான். வரையும்போதும் கண் முதலில் சுவரில் பட்டு, விளக்குக்குப் போய், கடைசியில்தான் கதவைக் காணவேண்டும்.

பழகுவதற்கு மதுச்சாலையே வேண்டுமென்றில்லை. மட்டக்களப்பு புளியந்தீவில் ஒரு ஒழுங்கைக்குள், ஒற்றை பல்ப் எரியும் பக்கக் கதவு போதும். மாலை ஆறேகால், ஆறரை நல்ல நேரம். போனில் இரண்டு படம் எடுங்கள்: விளக்கில் விரலை அழுத்தி வெளிச்சத்தைக் குறைத்து ஒன்று, கதவில் தொட்டு மற்றது. முதலாவதில் பல்பின் உருவம் கிடைக்கும், இரண்டாவதில் பலகைக் கோடுகள்.

ஸ்னாப்சீட் என்ற படம் திருத்தும் செயலியில் சாய்ந்த கோடுகளை நிமிர்த்தி, கதவு வலது ஓரத்துக்குப் போகும்படி வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி ஏ4இல் பிரிண்ட் எடுங்கள். அதன் பின்பக்கம் முழுக்க 4பி பென்சிலைத் தேய்த்து, 300 ஜிஎஸ்எம் தடிப்புள்ள வாட்டர்கலர் கடதாசியின்மேல் வைத்துப் பேனையால் கோடுகளை அழுத்துங்கள். செங்கல்லை ஒவ்வொன்றாக வரையவேண்டாம். விளக்கடியில் ஏழெட்டுப் போதும்.

வண்ணத்தில்தான் அதிகம் பிழை வரும். பல்ப் இருக்கும் இடம் கடதாசியின் வெள்ளையாகவே இருக்கட்டும். சுற்றிலும் சுத்தமான தண்ணீர் பூசி, ஈரத்திலேயே மஞ்சளை விட்டால் ஒளி தானாகப் பரவும். அது காயுமுன் நீலம் பட்டால் சுவர் பச்சையாகிவிடும். நம் பக்கம் கார்த்திகை, மார்கழி மழையில் கடதாசி இலேசில் காயாது. மேலே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். அதன்மேல் அடுத்த பூச்சுப் போட்டால் பூக்கோவாபோல் கறை படரும். புறங்கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் காயவில்லை.

இருட்டுக்கு டியூப் கறுப்பு வேண்டாம், செத்துப்போன நிறம் அது. அல்ட்ராமரீன் நீலத்தோடு பேர்ண்ட் அம்பர் என்ற கரும்பழுப்பைக் கலந்தால் கதவின் இருட்டுக்குள்ளும் மரம் தெரியும். ஒரே பூச்சில் கடும் இருட்டு வராது. மூன்று தடவை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு.

எல்லாம் முடிந்தபின் கதவுக் கைபிடியில் மட்டும் பிளேட் நுனியால் எள்ளளவு சுரண்டுங்கள். அதற்கு மேல் சுரண்டினால் கதவு முன்னுக்கு வந்துவிடும்.