அவசரமில்லை என்று சொன்னேன்

"அவசரமில்லை அம்மா, நன்றாக யோசித்து முடிவெடுங்கள்" என்றுதான் சொன்னேன். இதில் தவறு என்று சுட்டிக்காட்ட ஒரு சொல்கூட இல்லை. மருந்தாளுநராக இருக்கும் யாரும், தயங்கி நிற்கும் ஒருவரிடம் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் ஓராண்டுக்கு மேலாக இந்த வாக்கியம் என்னை விடவில்லை.

அந்த அம்மாவின் கையில் இருந்த சீட்டில், எலும்பு தேய்வதைத் தடுக்கும் ஆலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒரு மாத்திரை என்று எழுதியிருந்தது. வயது 66. ஸ்கேனில் எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் இடுப்பில் மைனஸ் 2.8. அது மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை என்பதுதான் வரையறை. சீட்டை என்னிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "தம்பி, இதை நான் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்டார்.

முதலில் எடுக்கும் முறையைச் சொன்னேன். காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீருடன் விழுங்க வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் தங்கிவிட்டால் புண்ணாகிவிடும். இதை யாரும் சொல்லாததால் தொண்டை எரிந்து, மூன்றாவது வாரமே மாத்திரையைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஆகவே இந்தப் பகுதியை நான் எப்போதும் நிதானமாகச் சொல்வேன்.

பிறகு பாதிப்புகளுக்கு வந்தேன். பல் பிடுங்கும் வேலை இருந்தால் முன்னதாகவே முடித்துவிடுங்கள், மிக அரிதாகத் தாடை எலும்பின் ஒரு பகுதி உயிரிழந்துபோவது உண்டு என்றேன். தொடையில் காரணமில்லாத வலி வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், அதைவிட அரிதாக இல்லாவிட்டாலும் அரிதாகத் தொடையெலும்பு முறிவதும் உண்டு என்றேன். அவர் முகம் மாறியது. "எலும்பைக் காப்பாற்றும் மருந்தே எலும்பை உடைக்குமா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் தந்த பதிலை இப்போதும் வரி பிசகாமல் சொல்ல முடியும். நம் எலும்பு ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை. பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்கள் ஒரு பக்கம், அந்த இடத்தில் புதிய எலும்பை வைத்துக் கட்டும் செல்கள் ஒரு பக்கம். மாதவிடாய் நின்ற பிறகு அரிப்பு முந்திக்கொள்கிறது, கட்டுமானம் பின்தங்குகிறது. இந்த மருந்து எலும்பில் போய் ஒட்டிக்கொண்டு அரிக்கும் செல்களை அடக்குகிறது. ஆனால் நுண்ணிய விரிசல்களைச் சரிசெய்யவும் அந்த அரிப்பு கொஞ்சம் தேவைப்படுகிறது. பல ஆண்டுகள் அதை அடக்கியே வைத்திருந்தால் சிலருக்குத் தொடையெலும்பில் விரிசல் வளர்ந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஒரு கடினமான விஷயத்தை எளிதாகப் புரியவைத்துவிட்டோம் என்ற நிறைவு அப்போது எனக்கு இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த நிறைவோடுதான் "அவசரமில்லை" என்றேன். அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். பையைத் தோளில் மாட்டும்போது இடது மணிக்கட்டை ஒரு முறை தேய்த்துவிட்டு, "இது இரண்டு வருஷத்துக்கு முன்னால் உடைந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வழுக்கி விழுந்தால் யாருக்கும்தானே உடையும்" என்றார். நான் சிரித்தேன். "பார்த்து நடங்கள்" என்றேன். அவர் போய்விட்டார்.

யாருக்கும் உடையாது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஒரு எலும்பு முறிகிறது என்றால் அந்த எலும்பு ஏற்கெனவே பலமிழந்திருக்கிறது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். அப்படி ஒரு முறிவு நேர்ந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. இது எனக்குத் தெரியாததல்ல. மைனஸ் 2.8 என்ற எண்ணோடு அந்த மணிக்கட்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அவசரமில்லை என்ற சொல் என் வாயில் வந்திருக்காது. அவர் வாசலை அடைவதற்குள் "அம்மா, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டிருக்கலாம். சீட்டு எழுதிய மருத்துவருக்கு ஒரு தொலைபேசி போட்டு, இவர் தயங்குகிறார், நீங்கள் ஒரு முறை பேசுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அடுத்து நின்றவர் சீட்டை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

பதினான்கு மாதம் கழித்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாளித் தண்ணீரைத் தூக்கியபோது முதுகில் சுரீரென்று வலித்திருக்கிறது. தசைப்பிடிப்பு என்று நினைத்து இரண்டு வாரம் தைலம் தேய்த்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் ஒரு முதுகெலும்பு நொறுங்கி ஆப்பு வடிவமாகியிருந்தது. என்னைவிட உயரமாகத் தெரிந்தவர், இப்போது மேஜை விளிம்பில் கையூன்றி நின்றார். வலி மருந்து வாங்க வந்திருந்தார்.

அவர் என்னைக் குறை சொல்லியிருந்தால் எனக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். மகளிடம் என்னைக் காட்டி, "இந்தத் தம்பிதான் அன்றைக்கு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். இவ்வளவு நேரம் என்னிடம் யாரும் பேசியதில்லை" என்றார். நன்றியோடுதான் சொன்னார். மருந்தின் அளவைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

நான் செய்தது தவறா? பல இரவுகள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். பாதிப்புகளை மறைத்து மருந்தைக் கொடுப்பது என்னால் முடியாத காரியம். தன் உடம்புக்குள் போவதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. எடுங்கள் என்றோ எடுக்காதீர்கள் என்றோ நான் சொல்லவில்லை. முடிவு அவருடையது. இந்த வாதத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. ஆனால் அன்று பேசிய நிமிடங்களை எண்ணிப் பார்த்தால், தாடைக்கும் தொடைக்கும் ஐந்து நிமிடம் போயிருக்கும். மருந்து எதற்காக என்பதற்கு "எலும்பு பலமாகும்" என்ற ஒரே வரிதான். எலும்புப்புரைக்கான அளவில் தாடைப் பாதிப்பு ஆண்டுக்குப் 10,000 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வருகிறது. தொடையெலும்பு ஆபத்தோ பெரும்பாலும் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த பிறகு கூடுவது. அதற்காகத்தான் ஐந்து ஆண்டு முடிந்ததும், மேலும் வேண்டுமா, சிறிது காலம் நிறுத்தலாமா என்று மருத்துவர்கள் மறுபரிசீலனை செய்கிறார்கள். ஒரு மாத்திரைகூட விழுங்காதவரிடம் ஐந்தாண்டுக்குப் பிறகான பயத்தை நான் கொடுத்தனுப்பினேன்.

மறுபக்கத்துக் கணக்கு என்னிடம் இல்லாமல் இல்லை. 1996-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்திருந்த 2,027 பெண்களைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்குப் 15 பேருக்கு எக்ஸ்ரேயில் புதிய முதுகெலும்பு முறிவு தெரிந்தது. ஆலென்ட்ரோனேட் எடுத்தவர்களில் 8 பேருக்கு. இடுப்பு முறிவு 2.2 சதவீதத்திலிருந்து 1.1 ஆகக் குறைந்தது. அந்தப் பெண்மணிக்கு அன்று முறிந்திருந்தது மணிக்கட்டுதான். ஆகவே இந்த எண்கள் அப்படியே அவருக்குப் பொருந்தா. ஆனாலும் திசை இதுதான்.

இங்கே வந்து நிற்கும்போதுதான் எனக்குக் குழப்பம் கூடுகிறது. நூறு பேரில் 85 பேருக்கு மருந்தில்லாமலே ஒன்றும் ஆகவில்லை. 8 பேருக்கு மருந்து எடுத்தும் முறிந்தது. நடுவில் இருக்கும் ஏழு பேருக்காகத்தான் நூறு பேரும் காலையில் அரை மணி நேரம் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஏழு பேர் யார் என்று மருத்துவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. இந்த அம்மா அந்த ஏழில் ஒருவரா, எட்டில் ஒருவரா? பதினான்கு மாதம் ஒழுங்காக எடுத்திருந்தாலும் அதே வாளி அதே எலும்பை நொறுக்கியிருக்கலாம். சில நாட்கள் இதை நினைத்து ஆறுதல் அடைகிறேன். மறுநாளே, ஆறுதலுக்காகத்தான் இந்தக் கணக்கைப் போடுகிறேனோ என்று சந்தேகம் வருகிறது.

அதன் பிறகு நான் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தேன். தயங்கி வந்தவர்களிடம் பயனைப் பற்றியே அழுத்திப் பேசினேன். இதே வகை மருந்தான, ஆண்டுக்கு ஒரு முறை நரம்பு வழியாக ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலத்துக்கு ஒருவரைச் சம்மதிக்கவைத்தேன். அன்று இரவே அவருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வந்து மூன்று நாள் படுத்துவிட்டார். முதல் முறை ஏற்றும்போது பலருக்கு வருவதுதான், தானாகவே போய்விடும். "முன்பே சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேனே" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கூடுதலாகச் சொன்னதற்காக ஓராண்டு வருந்தியவன், இப்போது சொல்லாததற்காகத் தலைகுனிந்தேன்.

சென்ற மாதம் 58 வயதான ஒருவர் வந்தார். டி-ஸ்கோர் மைனஸ் 1.7. மருத்துவர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. நடையும் உணவும் சொல்லி, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இவருக்கோ பயம். அக்காவுக்கு இடுப்பு முறிந்ததைப் பார்த்தவர். "நானாகவே மாத்திரையைத் தொடங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். சரியான பதில் எனக்குத் தெரியும், அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்ல முடியவில்லை.

அவரை உட்காரச் சொன்னேன். எப்போதாவது விழுந்ததுண்டா? எங்காவது எலும்பு முறிந்ததா? பெற்றோர் யாருக்காவது இடுப்பு முறிந்ததா? உயரம் குறைந்ததுபோல் தோன்றுகிறதா? ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் எடுத்தீர்களா? இல்லை, இல்லை என்றே எல்லாவற்றுக்கும் சொன்னார். மணிக்கட்டைப் பற்றித் தனியாக இன்னொரு முறை கேட்டேன். வலக்கையையும் இடக்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இல்லையே, ஏன் கேட்கிறீர்கள்?" என்றார்.

"அவசரமில்லை அம்மா" என்றேன். அக்காவின் முறிவைப் பற்றி மருத்துவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். ஸ்கேன் அறிக்கையின் ஓரத்தில் அதை எழுதிக் கொடுத்தேன்.