வெள்ளைப் புகை விட்ட வேனும் கந்தப்பளைக் குளிரும்

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர், கம்பளி, குல்லா எல்லாம் கவனமாக எடுத்து வைப்பார்கள். வாகனத்துக்கும் குளிரும் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. நகரமே கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வானம் தெளிந்த இரவுகளில் புல்லின் மேல் துகள்பனி படிந்து, ஒரே இரவில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். கொழும்பு வெயிலில் சாவியைத் திருப்பியதும் சீறிக்கொண்டு எழும்பும் டீசல் வேனுக்கு இது வேறு உலகம்.

நாங்கள் போனது தைப்பொங்கலை ஒட்டி. நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கிய பழைய டொல்பின் வேன், டொயோட்டா டீசல் வண்டி. கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று வளைந்து வளைந்து ஏறி, நுவரெலியாவைத் தாண்டி கந்தப்பளையில் பெரியப்பா வீட்டு வாசலில் நிற்கும்வரை வண்டி ஒரு முக்கல் முனகல் காட்டவில்லை.

மறுநாள் ஹோர்டன் சமவெளிக்குப் போவதாகத் திட்டம். அங்கே உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். ஒன்பது, பத்து மணியாகிவிட்டால் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். அப்புறம் விளிம்பில் நின்று வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடு வேனில் ஏற்றிச் சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டில் என்ஜின் ஹீட்டர் விளக்கு எரிந்தது, அணைந்தது. என்ஜினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றியது. என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

பெரியப்பா தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். சத்தத்தைக் கேட்டுப் போர்வையோடு வெளியே வந்தார்.

"தம்பி, கைய எடு. பெட்டரியத் தின்னாத. பின்னால புகை வருதா?"

"வருது பெரியப்பா."

"என்ன நிறம்?"

"வெள்ளை."

"அப்ப சரி. டீசல் வருது, சூடுதான் பத்தல."

பாதிப் பழுதை அவர் அங்கேயே கண்டுபிடித்துவிட்டார். டீசல் என்ஜினில் பொறி கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்தும்போது வருகிற சூட்டில்தான் டீசல் தானாகப் பற்ற வேண்டும். குளிர்ந்துபோன இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த உயரத்தில் காற்றும் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதை ஈடுகட்டத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் ப்ளக், அதாவது மின்சாரத்தில் பழுக்கும் ஒரு சின்னக் கம்பி. வெள்ளைப் புகை என்பது எரியாமல் வெளியே வரும் டீசல் ஆவி. முகர்ந்தால் பச்சை டீசல் வாடை அடிக்கும். ஈர விறகை ஊதிக்கொண்டிருப்பதைப் போன்ற நிலை அது. புகையே வராவிட்டால் கதை வேறு. டீசல் போய்ச் சேரவில்லை என்று டீசல் பில்டர் பக்கம் போக வேண்டும்.

இருந்தாலும் பெரியப்பா பில்டர் மேலிருந்த கைப்பம்பை அமுக்கிப் பார்த்தார். உடனே இறுகியது. லைனில் எங்காவது காற்று நுழைந்து, ராத்திரியில் டீசல் டேங்குக்குத் திரும்பியிருந்தால் கன நேரம் அமுக்க வேண்டி வந்திருக்கும்.

இதற்குள் பக்கத்து வீட்டு அண்ணன் பெட்ரோல் நனைத்த துணியோடு வந்து, காற்றுக் குழாய் வாயில் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். பெரியப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! ஹீட்டர் ப்ளக் பழுத்திருக்கும் நேரத்தில் பெட்ரோல் ஆவி உள்ளே போனால் நேரங்காலம் இல்லாமல் வெடித்துப் பிஸ்டனையே உடைக்கலாம். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயும் அப்படித்தான்.

அவர் செய்தது சாதாரண வேலை. சாவியை ஹீட்டரில் வைத்து, விளக்கு அணைந்ததும் திருப்பி எடுத்து, மறுபடி வைத்து, இப்படிச் சில முறை சூடேற்றினார். பிறகு ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்துக்கொண்டு செல்ஃப். பத்து விநாடிக்கு மேல் அடிக்கவில்லை. விட்டு, மோட்டாரை ஆற விட்டு, மறுபடி. வண்டி முழுவதும் குலுங்கப் பாதிச் சிலிண்டரில் பிடித்தது. வாசலே புகை மண்டலம். ஒரு நிமிடத்தில் ஓட்டம் சீரானது.

"இனி ஓப் பண்ணாத. நேரா கராஜுக்குப் போ. ப்ளக்க சூடு இருக்கும்போதுதான் கழட்டணும்."

உலக முடிவு அன்றைக்கு இல்லை என்றாயிற்று. பிள்ளைகள் திரும்பிப் போர்வைக்குள் போனார்கள்.

கராஜில் இருந்த மெக்கானிக் பாஸ், ஹீட்டர் ப்ளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றினார். அதைக் கழற்றாமல் சோதித்தால் நான்கும் சேர்ந்தே பதில் சொல்லும். ஒரு சின்ன பல்ப்பின் ஒரு வயரை பெட்டரியின் பொசிட்டிவில் மாட்டி, மறு வயரை ஒவ்வொரு ப்ளக்கின் தலையிலும் தொட்டார். இரண்டில் பல்ப் எரிந்தது, இரண்டில் எரியவில்லை. எரியாததற்குள் சுருள் அறுந்துவிட்டது. அப்படியானால் டாஷ்போர்டில் விளக்கு ஒழுங்காக எரிந்ததே? இந்த வேனில் அந்த விளக்குக்கு டைமர் கணக்கு மட்டும்தான் தெரியும், ப்ளக் சூடாகிறதா என்பது தெரியாது.

ஒரு ப்ளக்கின் நுனி வீங்கியிருந்தது. பாஸ் அதை முன்னும் பின்னும் மெல்லத் திருப்பித் திருப்பித்தான் எடுத்தார். அவசரப்பட்டு நுனி உள்ளே முறிந்தால் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும். நான்கையும் மாற்றச் சொன்னார். எல்லாம் ஒரே வயதுதானே. புதியதை வாங்கும்போது உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் வோல்டேஜ் வேறாக இருக்கும். 12 வோல்ட் போகும் இடத்தில் 6 வோல்ட் ப்ளக்கைப் போட்டால் சீக்கிரமே கருகிவிடும்.

பெட்ரோல் கார்க்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்களுக்குக் குளிரில் காலை வாருவது பெரும்பாலும் பெட்டரிதான். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால், அல்லது டக் என்று ஒரு சத்தத்தோடு நின்றால், முதலில் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைத் துடையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்த பெட்டரி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படலாம். கூடவே ஒயிலையும் பாருங்கள்: 20டபிள்யூ-50 என்ற தடித்த ரகம் குளிரில் பாகாகிவிடும். மலையிலேயே ஓடும் வண்டிக்கு, என்ஜின் கையேடு அனுமதித்தால், 15டபிள்யூ-40 நல்லது.

அடுத்த நாள் இருட்டில் சாவியைத் திருப்பியதும் வேன் முதல் சுற்றிலேயே பிடித்தது. அம்பேவெல, பட்டிப்பொல வழியாகப் போய், மூடுபனி ஏறுவதற்குள் உலக முடிவைப் பார்த்தும்விட்டோம்.

கொழும்புக்கு வந்து நண்பனிடம் பழைய ப்ளக்குகளைக் கொடுத்தேன். "இங்க ஒரு நாளும் ஸ்டார்ட் பிரச்சினை வந்ததே இல்லையே மச்சான்" என்றான். எப்படி வரும், இங்கே ஹீட்டர் ப்ளக் இல்லாமலே பிடித்துவிடுமே! செலவில் பாதியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறான், பார்ப்போம்.