சாவி கையில் இருப்பவர்கள்

தொழில்நுட்பப் பணியாளர்களுக்குத் திருகோணமலையில் கணினி அறநெறி வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களில் பலர் இது தங்களுக்குத் தேவையில்லை என்றே நம்புகிறார்கள். "நாங்கள் ஹக் பண்ணுற ஆக்கள் இல்லையே, சேர்" என்பார்கள். உண்மைதான். அலுவலக நெட்வொர்க்கைப் பார்ப்பவரும் போன் திருத்துபவரும் எதையும் உடைத்துப் புகத் தேவையில்லை. பாஸ்வேர்டை நாங்களே கொடுத்துவிடுகிறோம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தை வாசித்தால், அது வேறு யாருக்கோ எழுதியது என்று பிளேன்டீக்குக் காத்திருப்பார்கள்.

அதனால் முதலில் பலகையில் 85665 என்று எழுதுவேன். பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்றின் தொடக்கம். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் 500 கூட்டியிருக்கும். 665இல் 500 போனால் 165. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ண வேண்டும். ஆக, 1985 ஜூன் 13இல் பிறந்த பெண். 2016இல் வந்த 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் முழுதாக இருக்கும்.

உடனே பர்ஸுகள் திறக்கும். கணக்கு முன்பே தெரிந்தவர்களும் இருப்பார்கள், ஆனால் அதைத் தங்கள் வேலையோடு சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை கேட்டார்: "அப்ப பேரை அழிச்சிட்டு ஐடி நம்பரோட டெஸ்ட் டேட்டா குடுக்கிறமே, அது?" நான் வாய் திறக்கவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபட்ட ஓர் இலக்கம் இல்லாமல் சொஃப்ட்வேரைச் சோதிக்க ஏலாது என்றார் ஒருவர். பொய் இலக்கம் போட்டால் போதாதா என்றார் பக்கத்தில் இருந்தவர். 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அதற்குப் பிறகு எடுத்தேன், கவனித்துக் கேட்டார்கள்.

போன் கடைப் பொடியங்கள்தான் கடினம். டிஸ்ப்ளே மாற்ற, போனைத் திறக்கும் பேட்டர்ன் எதற்கு என்றால், "டச் வேலை செய்யுதா எண்டு பார்க்க" என்பார்கள். அவசர அழைப்புத் திரையில் ஓரளவு பார்க்கலாம். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடும் உண்டு, போன்காரர் அதைப் போட்டுத் தந்தால் திருத்துபவருக்கு அவருடைய படங்களும் செய்திகளும் தெரியாது. 'உங்கள் தரவு பாதுகாப்பானது' என்ற அறிவித்தலை நான் நம்புவதில்லை. படங்களைத் திறக்கவே வழியில்லாத ஏற்பாட்டைத்தான் நம்புவேன். ஆனால் மூதூரிலிருந்து வந்து போனைத் தந்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுபவரை நிற்கச் சொல்ல ஏலுமா என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பேட்டர்னைச் சீட்டில் கீறி போனின் முதுகில் ஒட்டுவதையாவது விடச் சொன்னேன். அதற்கு ஒத்துக்கொண்டார்கள்.