ஆதார் இல்லாத அண்ணாச்சி

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கோயில் மதில் ஓரமாக ஒருவர் கிடக்கிறார். டாஸ்மாக் வாசலில் தினமும் பார்க்கிற முகம். காலில் புண், ஈ மொய்க்கிறது. 108க்கு அடித்தேன், வந்து ஏற்றிக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் முதல் கேள்வி, "நீங்க என்ன உறவு?" ஒன்றுமில்லை என்றதும் சீட்டு போடுகிறவர் முகம் மாறிவிட்டது. ஆதார் வேண்டுமாம். கிடந்த இடத்தில் பை ஏதும் இருக்குமோ என்று வண்டியை எடுத்துக்கொண்டு திரும்ப வந்து தேடினேன். பதினாலு கிலோமீட்டர் வீண். ஒற்றைச் செருப்புதான் கிடைத்தது. அப்புறம் வார்டு கூட்டுகிற அக்கா ஒருவர்தான், "ஆர்.எம்.ஓ.வைப் பாருங்க தம்பி" என்றார். ஆஸ்பத்திரி நிர்வாகத்தைக் கவனிக்கிற டாக்டர்தான் ஆர்.எம்.ஓ. பார்த்தேன். புறக்காவல் நிலையத்தில் ஒரு பதிவு, அரைமணியில் படுக்கை. சீட்டுக் கவுண்டரில் மல்லுக்கு நிற்காதீர்கள், நேரே ஆர்.எம்.ஓ.விடம் போங்கள். தட்டு, டம்ளர், போர்வை கையோடு இருக்கட்டும்.

சபை உதவி நிதியில் கேட்டேன். "நம்ம சபையா? சந்தா கட்டுறாரா?" என்றார் செயலர். வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன், அவனிடம் சந்தா ரசீது கேட்டதாக லூக்கா சுவிசேஷத்தில் இல்லையே என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டதால் ஐந்நூறு ரூபாய் கிடைத்தது.

ஆனால் பெரிய தப்பு என்னுடையது. "தினமும் குடிப்பாரா?" என்று டாக்டர் கேட்டபோது, சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்று பயந்து, "எப்பவாவதுதான்" என்று மழுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் இரவு அண்ணாச்சிக்குக் கை வெடவெடவென்று நடுக்கம். இல்லாத யாரையோ ஏசிக்கொண்டே டிரிப் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இப்படி ஆகுமாம், உயிருக்கே ஆபத்தாம். "முதல்லயே சொல்லியிருந்தா மருந்து கொடுத்திருப்போமே! அவருக்கே இல்லாத வெட்கம் உங்களுக்கு என்ன?" டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். பதில் சொல்ல வாய் இல்லை.

நேற்று டிஸ்சார்ஜ். சபைப் பணத்தில் வாங்கிக் கொடுத்த புது லுங்கியை இன்று காலை டாஸ்மாக் பக்கம் வேறொருவர் இடுப்பில் பார்த்தேன். செயலருக்குத் தெரிய வேண்டாம். திங்கட்கிழமை கட்டு மாற்ற அண்ணாச்சியைக் கூட்டிப்போக வேண்டும். என்னுடைய பழைய லுங்கி ஒன்று பீரோவில் இருக்க வேண்டும், தேடுகிறேன்.